அந்த நான்கு பக்கம் வேண்டாம், வீட்டு வரி ரசீதை எடுத்து வாருங்கள்

கேள்வி: ஐயா, நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தென் மாவட்டம் ஒன்றில், ஓர் ஊராட்சியில் சொந்த வீடு. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருபது, இருபத்தைந்து பேர் கூடி ஜெபம் செய்வோம். ஆறு வருடமாக நடக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி புகார் கொடுத்துவிட்டார். காவல் நிலையத்தில் கூப்பிட்டு, ஆட்சியர் அனுமதி இல்லாமல் இனி ஜெபம் நடத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. அங்கே வாசிப்பதற்காக, இந்த நாட்டுக்குக் கிறிஸ்தவர்கள் செய்ததையெல்லாம் நான்கு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்துத் தாருங்கள். "இது எங்க நாடு, உங்க சாமி வெளிநாட்டுச் சாமி" என்று அண்ணாச்சியின் மகன் சொன்னதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் சபை வாலிபர்கள் பேருந்து நிலையத்தில் கைப்பிரதி கொடுப்பது குற்றமா? ஜெபத்துக்கு வரும் ஒரு விதவைத் தாய் ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்படுகிறார். அவர் மகனின் ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

பதில்: அன்புள்ள ஐயா,

நான்கு பக்கத்தையும் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: தமிழ் அச்சு தரங்கம்பாடியில் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல்; அங்கே அச்சகம் வந்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. ஆனால் 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது, போர்த்துகீசியரான அன்றீக் பாதிரியார் காலத்தில். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856, வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவப் பணி 1900, எல்லாம் சரி.

சரிபார்த்தாயிற்று. இப்போது வழக்கறிஞராக ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அந்த நான்கு பக்கத்தை வட்டாட்சியர் முன்னால் வாசிக்க வேண்டாம்.

அதில் பொய் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அதை வாசித்தால் நீங்கள் அண்ணாச்சி மகனின் கேள்வியை ஒப்புக்கொண்டுவிட்டதாக ஆகும். "நாங்கள் இத்தனை பள்ளி கட்டினோம், இத்தனை ஆஸ்பத்திரி கட்டினோம், அதனால் எங்களை ஜெபம் செய்ய விடுங்கள்" என்பது வாடகை கொடுத்த ரசீதைக் காட்டுகிற பேச்சு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் எதற்கு வாடகை ரசீது காட்ட வேண்டும்? அதோடு, நீங்கள் பட்டியலை வாசித்ததும் எதிரே இருப்பவர் ஒரு பட்டியலை எடுப்பார். வெள்ளைக்காரன் ஆட்சி, கோவாவில் போர்த்துகீசியர் நடத்திய மத விசாரணைகள், மதம் மாற்றக் கொடுத்த கோதுமை, பால் பவுடர் என்று அது போகும். இரண்டு பட்டியலையும் எடைபோட்டுத் தீர்ப்பு சொல்வது வட்டாட்சியர் வேலை இல்லை. அவருக்கு மதியம் பட்டா மாறுதல் விசாரணை இருக்கும்.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, எல்லா நபர்களுக்கும் சமமாக மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு என்கிறது. மதத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளவும், பின்பற்றவும், பரப்பவும் உரிமை உண்டு என்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம், இதர அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. "நாட்டுக்கு நல்லது செய்த மதத்தவர்" என்று எங்கேயும் இல்லை. குடிமக்கள் என்றுகூட இல்லை, நபர்கள் என்றுதான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6.12 சதவீதம். இரண்டு பேர் மட்டுமே இருந்தாலும் அந்தப் பிரிவில் ஒரு கமா மாறப் போவதில்லை.

நான் அடிக்கடி சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதற்கும் வழிபாட்டுப் பாட்டு பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உங்கள் சபையார்கூட அந்தப் பிரிவை ஏற்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். வேலூர் மாதிரி ஒரு மருத்துவமனையைக் காட்டியா அந்தப் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நின்றார்கள்? 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்து வருகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாக, மனச்சாட்சியோடு நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்று தீர்ப்பை முடித்தார். காட்டுவதற்கு எந்தப் பட்டியலும் இல்லாத மூன்று பள்ளிப் பிள்ளைகள் வென்ற வழக்கு அது. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லலாம். அந்த 25-ஆவது பிரிவை எழுதிய அரசியலமைப்பு நிர்ணய சபையின் துணைத் தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னை லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசூசா பாதிரியாரும் அங்கே உறுப்பினர். "பரப்புதல்" என்ற சொல் அதில் இருக்கலாமா என்று 1948 டிசம்பரில் காரசாரமாக விவாதம் நடந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் ஊர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். சுமார் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் படித்திருக்கிறேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார் அவர். (நானும் அப்படிப் படித்தவன்தான். நெற்றியில் திருநீறோடு பத்து வருடம் "பரமண்டலங்களிலிருக்கிற" என்ற ஜெபத்தைச் சொல்லியிருக்கிறேன். இன்றும் தூக்கத்தில் எழுப்பினால் முழுசாகச் சொல்வேன்.) அடுத்த ஆண்டு, மத அடிப்படையில் சட்டமன்றங்களில் தனி இடங்கள் வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது முகர்ஜியும் டிசூசாவும் வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள். கிறிஸ்தவர் தொகுதி என்று ஒன்றைக் கேட்டு வாங்காமல், எல்லோருக்கும் பொதுவான உரிமையே போதும் என்று நம்பினார்கள். நீங்கள் போய் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

சரி, ஜெபக்கூட்டத்துக்கு வருவோம்.

காவல் நிலையத்தில் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. பொது வழிபாட்டுக்காக ஒரு கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் ஆட்சியர் மறுக்கலாம். கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஆனால் குடியிருக்கும் வீட்டில் குடும்பத்தோடும் தெரிந்தவர்களோடும் உட்கார்ந்து ஜெபிப்பதற்கு அந்த விதி பொருந்துமா? இதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கட்டடமே கட்டவில்லை, வீட்டில் ஜெபிக்க அனுமதி எதற்கு என்று சொன்னவை உண்டு. வீட்டை வெளி ஆட்கள் திரளும் ஜெபக்கூடமாக மாற்றிவிட்டால் அனுமதி வாங்கத்தான் வேண்டும் என்று சொன்னவையும் உண்டு.

ஆகவே உங்கள் வீடு இன்னும் வீடாக இருக்கிறதா என்பதுதான் வழக்கு. வாசலில் போர்டு மாட்டியிருக்கிறீர்களா? காணிக்கைப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? முன்னறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கினீர்களா? இல்லை என்றால் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால், வாதாடுவதைவிட ஆட்சியருக்கு விண்ணப்பம் போடுவதே நல்லது. விண்ணப்பித்தால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சில போதகர்கள் பயமுறுத்துவார்கள். அப்படி ஆகாது. உரிமையை விட்டுக்கொடுக்காமல் விண்ணப்பிக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். மறுத்தாலும் எழுத்தில் ஓர் உத்தரவு கையில் இருக்கும். உத்தரவு இருந்தால் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது எளிது. வாயால் சொன்ன "கூடாது"வை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நான் படாத பாடு பட்டிருக்கிறேன்.

இப்போது நீங்கள் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒன்று. "சென்ற வருடம் வாலிபர்கள் கீபோர்டும் ஸ்பீக்கர் பாக்ஸும் வாங்கித் தந்தார்கள்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, ஐந்து வருடம் சும்மா இருந்த அண்ணாச்சி ஆறாவது வருடம் ஏன் புகார் கொடுத்தார் என்று யோசித்தீர்களா? அவர் மகனின் பேச்சு அசிங்கமானதுதான். ஆனால் புகார் நகலில் அந்தப் பேச்சு எங்கேயும் இல்லை. சத்தம், வழியில் நிற்கும் பைக்குகள், இரண்டுதான் இருக்கின்றன. மத உரிமை வழக்கு என்று என்னிடம் வருவதில் பாதி, பிரித்துப் பார்த்தால் ஸ்பீக்கர் வழக்காக இருக்கும்.

இதற்குச் சென்னையிலிருந்தே போன ஒரு வழக்கு முன்னுதாரணமாக இருக்கிறது. ஒரு பெந்தெகொஸ்தே சபையின் டிரம், கிட்டார், ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்போர் நலச்சங்கம் போட்ட வழக்கு. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் அடித்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. இது கோயில் திருவிழாவுக்கும் பாங்குக்கும் சேர்த்துத்தான். "அவர்கள் மாதம் முழுக்க மைக் போடுகிறார்களே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம், உங்கள் ஸ்பீக்கருக்கு அது பதில் ஆகாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும்.

அந்தப் பாக்ஸைச் சபைக்கே கொடுத்துவிடுங்கள். இருபது பேருக்கு உங்கள் குரல் போதும். அப்புறம், பேச்சுவார்த்தைக்கு முன்பாகவே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு நடை போய், "ஸ்பீக்கரை எடுத்துட்டோம் அண்ணாச்சி, வண்டியைத் தெருமுனையில விடச் சொல்லிட்டோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மகன் பேசியதைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். அவருக்கே அது உறுத்திக்கொண்டிருக்கலாம்.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். "இனி ஜெபம் நடத்த மாட்டேன்" என்று எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார், சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள். அந்தத் தாள் பிறகு எல்லா விசாரணையிலும் உங்களுக்கு முன்னால் வந்து உட்காரும். ஒலிபெருக்கி பயன்படுத்த மாட்டேன், தெருவை அடைக்க மாட்டேன், எட்டரை மணிக்குள் முடிப்பேன் என்று எழுதிக் கொடுங்கள், தாராளமாக. நகல் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது வீட்டுக்குள் வந்து ஜெபத்தைக் கலைத்தால், சட்டப்படி கூடியிருக்கும் மத வழிபாட்டுக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 300-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 296. புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். திருப்பிக் கை நீட்ட வேண்டாம், உங்கள் வாலிபர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கைப்பிரதி விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் இன்றைக்கு மதமாற்றத் தடைச் சட்டம் இல்லை. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது, 2004 மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. பல மாநிலங்களில் இருக்கிறது, ஊழியத்துக்கு எல்லை தாண்டிப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போகட்டும். பேருந்து நிலையத்தில் ஒரு தாளை நீட்டுவதும், வேண்டாம் என்றால் விலகிப் போவதும் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் கடவுளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். அடுத்தவர் தெய்வத்தைப் பேய் என்றும் கல் என்றும் எழுதியிருந்தால் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது குற்றம் என்கிற, அதே சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள். சுகம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியும் வேண்டாம். 1977-ல் ஸ்டெனிஸ்லாஸ் பாதிரியார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு போட்டது. மதத்தைப் பரப்புவது என்றால் அதன் கொள்கைகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது. அந்தத் தீர்ப்பு குறுகியது என்று சொல்லும் சட்ட அறிஞர்கள் உண்டு, எனக்கும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் இன்றுவரை அதுதான் சட்டம். தானாகக் கேட்டு, தானாக மாறுகிறவரின் மனச்சாட்சியை அது தொடவில்லை.

அந்தத் தாயின் விஷயம்தான் இதில் கனமானது.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அதே சாலை, அதே ஊசி, அதே சாதிப் பெயர், ஆனால் சர்ச்சுக்குப் போகிறவர். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று 1985-ல் தள்ளுபடி செய்தார்கள். கல்லறைத் தோட்டத்திலேயே சாதி பார்த்துப் புதைக்கிற சபைகள் உள்ள நாட்டில் இதை நிரூபிக்க முடியவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். அதில் சபைகளுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம். கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு இதற்காக ஒரு ஆணையம் அமைத்தது. இதையெல்லாம் நம்பி இன்று ஒருவர் முடிவெடுக்க முடியாது.

ஆக, அந்தத் தாய் ஞானஸ்நானம் எடுத்தால் அவருடைய பட்டியல் சாதித் தகுதி போகும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார். 18 சதவீத இட ஒதுக்கீட்டிலிருந்து 26.5 சதவீதப் பட்டியலுக்கு, எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், அங்கே போட்டி வேறு. தனித் தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கவசமும் கேள்விக்குள்ளாகும். மகன் இந்துவாகவே இருந்தால், தாய் மாறியதால் மட்டும் அவன் சான்றிதழ் தானாக ரத்தாகாது. ஆனால் விசாரணை வந்தால் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்பது வரை எழுதுவார். மகன் இன்னும் பதினெட்டைத் தாண்டவில்லை என்றால் அவனையும் சேர்த்து எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

"ஞானஸ்நானம் எடுத்துக்கோங்க, சர்டிஃபிகேட்ல ஒன்னும் மாத்த வேண்டாம், யாருக்குத் தெரியப் போகுது" என்று யாராவது அவருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதை மட்டும் கேட்க வேண்டாம். தொடர்ந்து சர்ச்சுக்குப் போய்க்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் கழித்துச் சான்றிதழ் ரத்தானவர்கள் என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

ஞானஸ்நானம் எடுங்கள் என்றோ, எடுக்க வேண்டாம் என்றோ நான் சொல்ல முடியாது. அது அவர் மனச்சாட்சி. ஞானஸ்நானம் எடுக்காமல் உங்கள் வீட்டில் வந்து ஜெபிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, இதையும் அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் போதகர் அவசரப்படுத்தினால், இந்தப் பத்திகளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, வீட்டு வரைபட அனுமதி, முன்னறையின் இரண்டு புகைப்படங்கள், புகார் நகல், நான் மேலே சொன்ன உறுதிமொழியின் இரண்டு பிரதி ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவர் போதும், சபையாரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டாம். நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசிப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பேசியதற்கு மாறாக ஏதாவது இருந்தால் கையெழுத்துக்குக் கீழேயே "இதில் எனக்கு உடன்பாடில்லை" என்று உங்கள் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.

அந்த நான்கு பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொல்லத்துத் திருத்தத்தைப் பென்சிலில் குறித்திருக்கிறேன்.